கறவை மாட்டில் இயல்பு ப்ரியான் புரதம்: எந்தத் திசுவில் எவ்வளவு, எப்படி எடுப்பது?

#1 முதுநிலை_24

காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரத்தில் போஸ்ட்மார்ட்டத்துக்கு வரும் ஜெர்சி கலப்பினக் கறவை மாடுகளில் இயல்பு ப்ரியான் புரதம் (பிஆர்பி-சி) எந்தெந்தத் திசுவில் இருக்கிறது என்று வரைபடம் போடுவது திட்டம். நோய்த் தேடல் இல்லை, நலமான மாட்டின் இயல்புப் புரதம் மட்டும். மூளையில் அதிகம் என்பது எல்லாப் புத்தகத்திலும் உண்டு. மற்ற உறுப்புகளின் வரிசைதான் ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. எடுக்க வேண்டிய திசுக்கள் எவை? ஃபார்மலினா, உறையவைப்பதா? ஈரலில் பேண்ட் தெரிந்தால் நம்பலாமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்று.

#2 ஆத்தங்குடி_ஸ்லைடு

முதலில் புரதத்தைப் பார்த்துவிடுவோம். அதன் இயல்பு தெரிந்தால் திசு வரிசை ஏன் குழம்புகிறது என்பதும் தெரியும்.

மாட்டில் இதற்கான மரபணு 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. முழு நீளச் சங்கிலி பெரும்பாலும் 264 அமினோ அமிலம். முன்பகுதியில் எட்டு அமினோ அமிலம் கொண்ட ஒரு தொடர் 6 முறை திரும்ப வரும். 5 முறை மட்டும் வரும் மாடுகளும் உண்டு, அவற்றில் நீளம் 256. இந்தத் தொடர்தான் தாமிர அயனியைப் பிடிக்கிறது. முன்னொட்டும் வாலும் வெட்டப்பட்டபின், கொழுப்பு நங்கூரம் ஒன்றால் செல்லின் வெளிச்சவ்வில் தொங்குகிறது. சர்க்கரைக் கிளை ஒட்ட இரண்டு இடம். இரண்டிலும் ஒட்டலாம், ஒன்றில் ஒட்டலாம், ஒட்டாமலும் இருக்கலாம். பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்) ஒரே புரதம் 25 முதல் 35 கிலோடால்டன் வரை மூன்று பட்டையாக விழுவது இதனால்தான்.

இனி திசு. மூளைதான் உச்சி: பெருமூளைப் புறணி, ஹிப்போகாம்பஸ், சிறுமூளை, மூளைத்தண்டு எல்லாமே. அடுத்து தண்டுவடம், தண்டுவடத்தை ஒட்டிய முதுகு நரம்பு முடிச்சுகள், முக நரம்பு முடிச்சு, விழித்திரை, புற நரம்புகள். முதுகு முடிச்சில் எல்லா நியூரானும் ஒரே மாதிரி நிறம் ஏற்காது. சில அடர்த்தியாக, சில வெளிறி இருக்கும், சுற்றியுள்ள துணைச் செல்களிலும் வரும். அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று எண்ணி ஸ்லைடை ஒதுக்கிவிடக் கூடாது.

நரம்புக்கு வெளியே முக்கியமானது நிணநீர் மண்டலம். மண்ணீரல், நிணநீர் முடிச்சு, டான்சில், குடலின் பேயர் திட்டு ஆகியவற்றில் முளை மையத்துக்குள் வலைபோலக் கிளைவிடும் டென்ட்ரிடிக் செல்கள் நன்றாக நிறம் ஏற்கும். தைமஸ் கன்றில் மட்டுமே பார்க்கத் தகுந்த அளவில் கிடைக்கும். பிறகு பிட்யூட்டரி, அட்ரினலின் உட்பகுதி. குடலில் இரண்டு இடம்: தசைக்கு நடுவிலும் சளிச்சவ்வுக்கு அடியிலும் ஓடும் நரம்புப் பின்னல், மேற்புறத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாய் நிற்கும் நாளமில்லாச் செல்கள். இதயம், நுரையீரல், எலும்புத்தசை, கருப்பை, நஞ்சுக்கொடி, விரை, தோல் எல்லாவற்றிலும் உண்டு. மடியில் பால் சுரக்கும் நுண்ணறைகளின் எபிதீலியச் செல்களில் இருக்கிறது.

சிறுநீரகத்தில் மிகக் குறைவு. ஈரலில் அதைவிட ஐயத்துக்குரிய அளவு. ஈரலில் பளிச்சென்று ஏதாவது தெரிந்தால் முதலில் செய்முறையைச் சந்தேகியுங்கள், மாட்டை அப்புறம் பார்க்கலாம்.

கட்டுரைக்குக் கட்டுரை வரிசை மாறுவதற்குக் காரணம் உண்டு. ஒருவர் எம்ஆர்என்ஏ அளந்திருப்பார், ஒருவர் பிளாட், ஒருவர் ஸ்லைடு. ஸ்லைடில் மண்ணீரல் கண்ணைப் பறிக்கும், ஏனென்றால் புரதம் சிறு இடத்தில் குவிந்திருக்கிறது. அதே மண்ணீரலை அரைத்துப் பிளாட் போட்டால் சுற்றியுள்ள சிவப்புக் கூழ் அதை நீர்க்கச் செய்துவிடும். தசை இதற்கு நேர் எதிர். எங்கும் மெல்லியதாய்ப் பரவியிருப்பதால் ஸ்லைடில் ஒன்றும் இல்லாததுபோல் தோன்றும், பிளாட்டில் பட்டை வரும். இரண்டு முடிவும் சரிதான், கேள்வி வேறு.

#3 பிளாட்_மேசை

மேடம் சொன்ன ஈரல் சந்தேகத்துக்கு எண் கணக்கில் ஒரு காரணம் சொல்கிறேன்.

மாட்டுத் திசுவில், அதுவும் மண்ணீரல், நிணநீர் முடிச்சு, ஈரல், மடி ஆகியவற்றில், மாட்டின் சொந்த இம்யூனோகுளோபுலின் (ஐஜிஜி எனும் ஆன்டிபாடி) நிறைந்திருக்கும். பிஆர்பி-யைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி எலியின் ஐஜிஜி. நீங்கள் போடும் இரண்டாம் ஆன்டிபாடி அதைப் பிடிக்கத்தான் வருகிறது. ஆனால் மாட்டின் ஐஜிஜி-யையும் கொஞ்சம் பிடிக்கும். ஐஜிஜி-யின் கனச் சங்கிலி 50 முதல் 55 கிலோடால்டன், அதை அடையாளம் கண்டுகொள்ளலாம். இலகுச் சங்கிலி ஏறக்குறைய 25 கிலோடால்டன். பிஆர்பி விழும் அதே இடம்! ஈரலில் இயல்பு ப்ரியான் என்று எழுதப்படுவதில் ஒரு பங்கு இதுவாக இருக்க வாய்ப்பு உண்டு.

எனவே மாட்டு ஐஜிஜி-க்கு எதிரான பங்கு நீக்கப்பட்ட இரண்டாம் ஆன்டிபாடியாகக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு திசுவுக்கும் முதல் ஆன்டிபாடி இல்லாமல் ஒரு பிளாட் கூடவே ஓட வேண்டும். அதில் 25-இல் பட்டை வந்தால் அந்தத் திசுவின் முடிவை எழுத வேண்டாம்.

அடுத்தது, ஆன்டிபாடி சவ்வில் கண்ட இடத்தில் ஒட்டாமல் காக்கும் தடுப்பான். பழக்கத்தில் எல்லோரும் 5% கொழுப்பெடுத்த பால்பொடிதான் போடுகிறோம். இங்கே தேடுவதோ மாட்டின் புரதம், பாலிலேயே அது இருக்கிறது, ஐஜிஜி-யும் இருக்கிறது. மாட்டு அல்புமினிலும் ஐஜிஜி கலப்பு இருக்கக்கூடும். மீன் ஜெலட்டினோ செயற்கைத் தடுப்பானோ எடுத்தால் பின்னணி தெளிவாகும்.

அரைக்கும் முறை: திசு எடைக்கு 10% கரைசல். பாஸ்பேட் உப்புநீரில் 0.5% சோடியம் டீஆக்ஸிகோலேட், 0.5% என்பி-40, அதோடு புரதச் சிதைவு தடுப்பான். பனிக்கட்டி மேல் வைத்து அரைத்து, 1000 முதல் 2000 ஜி வேகத்தில் 5 முதல் 10 நிமிடம் சுற்றி, மேல்நீரை எடுங்கள். மூளைக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் மொத்தப் புரதம் போதும், மற்ற உறுப்புக்கு 50 முதல் 100 வேண்டும். 12% ஜெல், பிவிடிஎஃப் சவ்வு. ஜெல்லில் மூளை சாம்பிள் ஓடும் வழியையும் ஈரல் வழியையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். மூளையிலிருந்து சிந்தும் ஒரு துளியே ஈரலை நேர்மறை ஆக்கிவிடும். நடுவில் ஒரு வெற்று வழி விடுங்கள்.

#4 முதுநிலை_24

நன்றி மேடம், நன்றி அண்ணே. எந்த ஆன்டிபாடி என்று சொல்லவில்லையே. 6எச்4 போதுமா? புரதத்தைச் செரிக்கும் நொதியான புரோட்டினேஸ்-கே போட வேண்டுமா?

#5 பிளாட்_மேசை

தம்பி, நீங்கள் தேடுவது இயல்புப் புரதம். புரோட்டினேஸ்-கே போட்டால் அதுவே கரைந்துபோகும். மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம், 37 டிகிரி, ஒரு மணி நேரம் வைத்தால் இயல்பு பிஆர்பி மிச்சமிருக்காது. தவறாக மடிந்த நோய் வடிவம்தான் 27 முதல் 30 கிலோடால்டன் எதிர்ப்புக் கருவை விட்டுவைக்கும். ஆனாலும் ஒவ்வொரு மூளை சாம்பிளிலும் ஒரு பங்குக்கு அதைப் போட்டுப் பாருங்கள். பட்டை முழுதாக மறைந்தால், நீங்கள் அளந்தது இயல்பு வடிவம்தான் என்பதற்கு அது ஒரு சான்று.

6எச்4 புரதத்தின் நடுவில், மனித எண்ணிக்கையில் 144 முதல் 152 வரையுள்ள பகுதியைப் பிடிக்கிறது. மாட்டிலும் வேலை செய்யும். ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். சாஃப்32 முன்பகுதியின் எட்டுத் தொடரைப் பிடிப்பது, அதையும் சேர்த்து ஓட்டுங்கள். காரணம், உயிருள்ள செல்லிலேயே பிஆர்பி-யின் ஒரு பகுதி 111-112 அருகே வெட்டுப்படும். மிஞ்சும் பின்துண்டுக்கு சி1 என்று பெயர். 6எச்4 முழுப் புரதத்தையும் சி1-ஐயும் காட்டும், சாஃப்32 முழுப் புரதத்தை மட்டும். சில உறுப்புகளில் பாதிக்குமேல் சி1-ஆக இருக்கலாம். ஒரே ஆன்டிபாடி போட்டவர் "இங்கே குறைவு" என்று எழுதுவார், உண்மையில் அது வெட்டுப்பட்டுக் கிடக்கும்.

இதைப் பிரிக்க பிஎன்ஜேஸ்-எஃப் என்ற நொதி போட்டு 37 டிகிரியில் ஓர் இரவு வைத்துச் சர்க்கரைக் கிளைகளை வெட்டிவிடுங்கள். மூன்று பட்டைகள் இரண்டாகச் சுருங்கும்: முழுப் புரதம் சுமார் 27-இலும் சி1 சுமார் 18-இலும். திசுவுக்குத் திசு சர்க்கரைக் கோலம் மாறுவதால், நொதி போடாமல் பட்டையின் உயரத்தை வைத்து ஒப்பிடுவது தவறாகிவிடும்.

#6 கண்டனூர்_வெட்

பிளாட்டும் ஸ்லைடும் பிறகு. சாம்பிள் கையில் வருவதற்குள்ளேயே பாதி வேலை கெட்டுவிடுகிறது, அதைச் சொல்கிறேன்.

சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் வெயில் 38, 40 டிகிரி. காலையில் செத்த மாட்டுக்கு உரிமையாளர் சொல்லி, இன்சூரன்ஸ் ஆள் வந்து, டாக்டர் போய்ச் சேர மதியம் ஆகிவிடும். சாணம் புளிக்கும் சூடும் சேர்ந்து வயிற்றுக்குள் வெப்பம் இறங்காமல் நிற்கும். இயல்பு பிஆர்பி செல்லில் சில மணி நேரமே வாழும் புரதம். புதிதாகச் சுரப்பது நின்றுவிட்டால் சிதைவு மட்டும்தான் நடக்கும். குடல் சளிச்சவ்வும் கணையமும் முதலில் கெடும், பிறகு ஈரல். தசை, நரம்பு, தோல் கொஞ்சம் தாங்கும். நோய் வடிவம் அழுகிய மூளையிலும் கிடைக்கும், அதனால்தான் பிஎஸ்இ (மாட்டின் ப்ரியான் நோய், பைத்திய மாட்டு நோய் என்பார்கள்) கண்காணிப்பில் பழைய சாம்பிளும் ஏற்கிறார்கள். இயல்பு வடிவத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. உயிர் போன நேரம் உறுதியாகத் தெரியாத மாட்டை வரைபடத்தில் சேர்க்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தது நல்லது. 3 மணி தாண்டினால் குடல், ஈரல் முடிவுகளைத் தனிக் குறிப்போடு எழுதுங்கள். இது என் அளவுகோல்.

இதைவிட முக்கியமானது உங்கள் உயிர். மாடு நரம்பு அறிகுறியோடு செத்திருந்தால், எச்சில் ஒழுகல், கத்தல், கால் இழுத்தல், முட்டல், தொண்டை அடைப்பு என்று ஏதாவது சொன்னால், இங்கே முதலில் நினைக்க வேண்டியது ரேபிஸ். "தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கு" என்று உரிமையாளர் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்திருப்பார். அவரை உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அந்த மாடு உங்கள் ஆய்வுக்கு வேண்டாம், மூளை ரேபிஸ் பரிசோதனைக்குப் போகட்டும். மண்டை திறக்கப் போகிறவர் ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்டிருக்க வேண்டும், முகக்கவசம், கண்ணாடி, இரட்டைக் கையுறை வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் துகள் பறக்கும். ஈரத் துணி போட்டு அறுங்கள்.

திடீர் சாவு, மூக்கிலும் மலவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் என்றால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்). கத்தியே வைக்கக் கூடாது. காது நரம்பில் ஒரு துளி எடுத்து ஸ்மியர் பார்த்து, இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் மற்றது.

மூளைத்தண்டு மட்டும் வேண்டுமானால் மண்டை பிளக்கவே வேண்டாம். தலையைக் கழுத்து மூட்டில் பிரித்து, பின்துளை வழியாக நீளக் கரண்டியை எலும்பை ஒட்டி உள்ளே விட்டு, நரம்புகளை அறுத்துவிட்டுச் சுழற்றி இழுத்தால் ஓபெக்ஸ் பகுதி முழுதாக வரும். ஆங்கில வி எழுத்துப்போல் பள்ளம் தெரியும் இடம்தான் அது. பிஎஸ்இ சோதனைக்கும் இதே இடம் என்பதால் இரண்டு ஆய்வுக்கும் ஒப்பிட உதவும்.

#7 ஆத்தங்குடி_ஸ்லைடு

டாக்டர் சொன்னதோடு சேர்த்து, எடுத்ததை எதில் போடுவது என்பது.

ஒவ்வொரு திசுவையும் மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று ஆர்என்ஏ காப்புத் திரவத்தில், அரை சென்டிமீட்டருக்கும் சிறிய துண்டாக. ஒன்று திரவ நைட்ரஜனிலோ உலர்பனியிலோ உறையவைத்து, பிறகு மைனஸ் 80-க்குப் போகட்டும். செயற்கைக் கருவூட்டல் நிலையங்களில் இருக்கும் நைட்ரஜன் குடுவையே இதற்குக் கைகொடுக்கும், ஆனால் விந்துக் குச்சிகளோடு சேர்த்து வைக்காமல் தனிக் குடுவை கேளுங்கள். மூன்றாவது 10% நடுநிலை ஃபார்மலினில். துண்டு 5 மி.மீ. தடிப்பு, திசுவின் 10 மடங்கு திரவம், 24 முதல் 48 மணி நேரம். அதற்கு மேல் ஃபார்மலினில் கிடந்தால் இயல்பு பிஆர்பி-யின் ஆன்டிபாடி பிடிக்கும் இடங்கள் மூடிக்கொள்ளும். மாதக்கணக்கில் ஊறிய ஜாடித் துண்டுகளில் மூளை தவிர வேறெதுவும் காட்டாமல் போகலாம்.

ஸ்லைடில் மாணவர்கள் தவறும் இடம் ஒன்றுண்டு. பிஎஸ்இ-க்கான செய்முறையை அப்படியே எடுத்துவிடுவார்கள்: 98% ஃபார்மிக் அமிலம், பிறகு 121 டிகிரி ஈர ஆட்டோகிளேவ், சில இடங்களில் புரோட்டினேஸ்-கே வேறு. அது நோய் வடிவத்தை வெளிக்கொணர்ந்து, இயல்பு வடிவத்தை அடக்குவதற்காகவே அமைந்த செய்முறை! அதை வைத்து "மடியில் இல்லை, குடலில் இல்லை" என்று எழுதினால் என்ன பொருள்? ஃபார்மிக் அமிலத்தை விட்டுவிடுங்கள். சிட்ரேட் கரைசலில் சூடாக்குவது மட்டும் போதும். குறைந்த அளவுள்ள திசுக்களுக்கு உறைவெட்டுத் துண்டே நல்லது.

கிழட்டு மாட்டின் நியூரானில் லிப்போஃபுசின் என்ற பழுப்பு நிறமி படிந்திருக்கும். ஸ்லைடில் ஆன்டிபாடியைக் காட்ட வழக்கமாகப் போடும் டாப் நிறமும் பழுப்பு. இரண்டும் ஒன்றாய்த் தெரியும். சிவப்பு நிறம் தரும் வேதியைப் பயன்படுத்துங்கள். மண்ணீரலிலும் ஈரலிலும் இயல்பாகவே பெராக்ஸிடேஸ் இருப்பதால் மெத்தனாலில் 3% ஹைட்ரஜன் பெராக்ஸைடு 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். ஈரல், சிறுநீரகம், மடி மூன்றிலும் பயோட்டின் நிறைய இருக்கிறது. அவிடின்-பயோட்டின் முறை வேண்டாம், பாலிமர் முறைக்கு மாறுங்கள். ஈரல் சிவக்கும் கதை பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும்.

எதிர்மறை கன்ட்ரோல்தான் இந்த வேலையின் உயிர். பிஆர்பி மரபணுவே இல்லாத மாடுகளை 2007-இல் உருவாக்கி வெளியிட்டார்கள். நார்வேயில் இயற்கையாகவே இந்தப் புரதம் இல்லாத கறவை ஆடுகளைக் கண்டு 2012-இல் அறிவித்தார்கள். 32ஆவது இடத்தில் நிறுத்தக் குறியீடு விழுந்து புரதம் உருவாகாமல் போன ஆடுகள், பார்வைக்கு நலமாகவே இருந்தன. அவற்றின் திசு நமக்குக் கிடைப்பது கடினம். மரபணு நீக்கிய எலியின் மூளை கிடைத்தால் நல்லது. அதுவும் இல்லையென்றால் அதே வகை எலி ஐஜிஜி-யை அதே செறிவில் முதல் ஆன்டிபாடிக்குப் பதிலாகப் போடுங்கள். விரையில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். டாப்பல் என்ற உறவுப் புரதம் அங்கே அதிகம், ஆன்டிபாடி அதைப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#8 பால்மானி_காரைக்குடி

மடியில் இருக்கிறது என்றால் பாலில்? கொள்முதல் நிலையத்தில் கேன் கணக்கில் கலக்கும் பால் இது. "ப்ரியான்" என்ற சொல்லை யாராவது பாதி கேட்டுக்கொண்டு போய் ஊரில் பரப்பினால் கறவைக்காரர்களுக்குத்தான் நட்டம். தெளிவாகச் சொல்லுங்கள்.

#9 ஆத்தங்குடி_ஸ்லைடு

நியாயமான கேள்வி ஐயா. நேராகவே சொல்கிறேன். பாலில் இயல்பு பிஆர்பி இருக்கிறது. 2006-இல் வெளியான ஆய்வில் மனிதர், மாடு, செம்மறி, வெள்ளாடு நான்கின் பாலிலும் கண்டார்கள். பாஸ்சரைஸ் செய்த கடைப் பாலிலும் இருந்தது, மிகை வெப்பப் பாலில் குறைந்தாலும் முழுதாக மறையவில்லை. அளவு இனத்துக்கு இனம் மாறும்: மனிதப் பாலில் மில்லிலிட்டருக்குப் பிக்கோகிராம் கணக்கு, செம்மறிப் பாலில் நானோகிராம் கணக்கு. ஒரு பிக்கோகிராம் என்றால் ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒன்று. தாய்ப்பாலிலும் உள்ள பொருள் அது.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. இயல்பு வடிவம் நம் ஒவ்வொருவர் மூளையிலும் இதயத்திலும் நரம்பிலும் இருக்கிறது. புற நரம்பின் மயலின் உறை கெடாமல் இருக்க அது உதவுகிறது என்பது எலிகளில் தெளிவாகியிருக்கிறது. நோய் வருவது, அதே அமினோ அமிலச் சங்கிலி தவறாக மடிந்து, பக்கத்திலிருப்பதையும் தன்னைப்போல் மடிக்கத் தொடங்கும்போது. புரதம் ஒன்றே, மடிப்பு வேறு.

பிஎஸ்இ பிடித்த மாடுகளின் பாலால் நோய் பரவியதாக இதுவரை காட்டப்படவில்லை. உலக விலங்கு நல அமைப்பு, நாட்டின் பிஎஸ்இ நிலை எதுவானாலும் பாலையும் பால் பொருளையும் தடையின்றி வணிகம் செய்யத் தக்கவையாகவே வைத்திருக்கிறது. இந்தியாவுக்கு அந்த அமைப்பு 2010 முதல் "புறக்கணிக்கத்தக்க ஆபத்து" என்ற நிலையை அளித்திருக்கிறது. செம்மறியில் நிலைமை வேறு: ஸ்க்ரேப்பி (ஆடுகளின் ப்ரியான் நோய்) பிடித்த தாயின் பால் குடித்த குட்டிகளுக்கு நோய் போனது சோதனையில் உறுதியானது. அதை மாட்டுப் பாலோடு சேர்த்துப் பேசுவதுதான் வதந்தியின் வேர்.

#10 பிளாட்_மேசை

பாலையும் வரைபடத்தில் சேர்ப்பதாக இருந்தால் ஒரு சொல். பாலை அப்படியே ஜெல்லில் ஏற்றினால் கேசீன் 25 முதல் 35 கிலோடால்டனில் மலைபோல் குவிந்து பட்டையை மூடிவிடும். செறிவூட்டாமல் பிடிபடாது. பிஆர்பி-யைப் பிடித்து இழுக்கும் மணிகளாலோ இம்யூன் வீழ்படிவாலோ பிரித்தெடுத்த பிறகே பிளாட். முன்பால், பின்பால் இரண்டையும் தனியாக எடுங்கள். மடிநோய் இல்லை என்று சோதித்த மாடாக இருக்கட்டும். சோமாட்டிக் செல் எண்ணிக்கை ஏறியிருந்தால் பாலில் வரும் வெள்ளணுக்களே பிஆர்பி-யைக் கொண்டுவரும். மாட்டு ரத்தத்தில் இந்தப் புரதம் லிம்போசைட், மோனோசைட் மேல் இருக்கிறது. நுண்ணறை சுரந்ததா, மடிநோய் கொண்டுவந்ததா என்று பிறகு பிரிக்க முடியாது.

#11 பிண்ணாக்கு_புதுவயல்

தீவனம் கலப்பவன் கேட்கிறேன். கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு வரை சிக்கல் இல்லை. தாது உப்புக் கலவையில் டைகால்சியம் பாஸ்பேட் வருகிறது. எலும்பிலிருந்து எடுத்தது, பாறையிலிருந்து எடுத்தது என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எலும்பு வகையால் ஆபத்து உண்டா?

#12 கண்டனூர்_வெட்

அண்ணே, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். இங்கிலாந்தில் 1986-இல் பிஎஸ்இ அடையாளம் காணப்பட்டு, 1,80,000-க்கு மேல் மாடுகளில் உறுதியானது. பரவிய வழி இறைச்சி-எலும்புத் தூள் கலந்த தீவனம். 1988 ஜூலையில் அசைபோடும் விலங்குகளுக்கு அதைத் தடை செய்த பிறகும் நோய் சில ஆண்டு ஏறிக்கொண்டே போனது. நோய் வெளிப்பட சராசரி 5 ஆண்டு ஆகும், ஏற்கெனவே தின்ற கன்றுகள் பிறகுதான் விழுந்தன. ஒரு கிராம் நோயுற்ற மூளையே வாய்வழி போனால் போதும் என்பதால், கலப்பு எந்திரத்தில் ஒட்டியிருந்த மிச்சம்கூட இரண்டாம் சுற்றைத் தொடங்கப் போதுமானதாக இருந்தது.

எலும்பு டைகால்சியம் பாஸ்பேட் ஜெலட்டின் தொழிலின் துணைப்பொருள். அமிலத்தில் எலும்பின் தாதுவைக் கரைத்து, சுண்ணாம்பு போட்டுப் படியவைப்பது. புரதமும் கொழுப்பும் கலக்காத டைகால்சியம் பாஸ்பேட் உலக விதிகளில் அனுமதிக்கப்பட்டதுதான். பையில் அந்த உறுதி எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் பாறை வகையை எடுங்கள். விலை அதிகம், ஆனால் கேள்வி எழாது. எலும்புத் தூள், ரத்தத் தூள், இறைச்சித் தூள் மூன்றும் கறவைத் தீவனத்தில் எந்தப் பெயரிலும் வரக் கூடாது. பால், இறைச்சி தரும் விலங்குகளுக்கு (கோழி, பன்றி, மீன் நீங்கலாக) மாடு, பன்றி உறுப்புத் தூள் கொடுப்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையமும் தடுத்திருக்கிறது. ஒரே ஆலையில் கோழித் தீவனமும் மாட்டுத் தீவனமும் ஓட்டுவதாக இருந்தால், கோழிக்கு இறைச்சித் தூள் கலந்த தொகுதிக்குப் பின் அதே கலவைத் தொட்டியில் மாட்டுத் தீவனம் கலக்காதீர்கள். இங்கே கவனிக்க வேண்டியது அதுதான்.

#13 முதுநிலை_24

ஒரு சந்தேகம். நோய் வடிவம் உருவாக இயல்பு வடிவம் வேண்டும் என்றால், இயல்பு வடிவம் எங்கே அதிகமோ அங்கேதான் நோயும் அதிகம் சேர வேண்டும். மண்ணீரலில், மடியில், இதயத்தில் ஏன் சேருவதில்லை?

#14 ஆத்தங்குடி_ஸ்லைடு

வரைபடத்தின் பயனே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இயல்பு பிஆர்பி இல்லாமல் நோய் வராது, மரபணு நீக்கிய எலிகளில் 1993-லேயே உறுதியானது. ஆனால் இருந்தாலே நோய் சேரும் என்று ஆகாது.

இங்கிலாந்துச் சோதனையில் 4 மாதக் கன்றுகளுக்கு 100 கிராம் நோயுற்ற மூளை ஊட்டி, இடைவெளி விட்டு அறுத்துப் பார்த்தார்கள். 6 மாதத்திலேயே சிறுகுடலின் கடைசிப் பகுதியில் தொற்று தெரிந்தது. மூளையிலும் தண்டுவடத்திலும் தெரிய 32 மாதம் ஆனது. அதே சோதனையில் மண்ணீரலும் மடியும் சுத்தமாகவே இருந்தன. மண்ணீரலின் டென்ட்ரிடிக் செல்களில் இயல்பு பிஆர்பி அடர்த்தியாக இருந்தும் பிஎஸ்இ அங்கே நிலைகொள்வதில்லை. ஆட்டின் ஸ்க்ரேப்பியிலோ மண்ணீரலும் நிணநீர் முடிச்சும் நிறைந்துவிடும். இரண்டு இனத்திலும் மண்ணீரலில் புரதம் இருக்கிறது, நோயின் நடை வேறு. நோயின் வகை, நரம்பு எந்த உறுப்பிலிருந்து மூளைக்கு ஓடுகிறது, செல் அந்தப் புரதத்தை எவ்வளவு வேகமாக அழிக்கிறது எல்லாமே சேர்ந்துதான் இடத்தை முடிவு செய்கின்றன.

ஐரோப்பிய விதியில், புறக்கணிக்கத்தக்க ஆபத்து நிலை பெறாத நாடுகளில், அகற்ற வேண்டிய உறுப்புகள் இயல்புப் புரத வரைபடத்தைப் பார்த்து எழுதியவை அல்ல. 12 மாதம் தாண்டிய மாட்டின் மூளை, கண், தண்டுவடம், எல்லா வயதிலும் டான்சில், சிறுகுடலின் கடைசி 4 மீட்டர், குருட்டுக்குடல், குடல்தாங்கி. நோய் எங்கே கிடைத்தது என்று பார்த்து எழுதியது. உங்கள் ஆய்வேட்டில் "இந்த உறுப்பில் பிஆர்பி இருக்கிறது, எனவே ஆபத்து" என்ற வாக்கியம் எந்த இடத்திலும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாக்கியம்தான் பத்திரிகையில் தலைப்பாகும்.

இன்னொன்று, சிறுகுடல். இலியத்தின் பேயர் திட்டு கன்றில் பட்டையாக நீண்டு கிடக்கும், வயதானபின் சுருங்கிவிடும். கறவையில் அது தேய்ந்திருப்பதைப் பார்த்துக் குடலில் பிஆர்பி குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். மேல்பகுதி ஜெஜுனத்தின் திட்டுகளையும் நரம்புப் பின்னலையும் சேர்த்துப் பாருங்கள். வயதை பல் பார்த்து எழுதி, கன்று, ஈனாத கிடாரி, கறவை, வற்றிய கிழ மாடு என்று பிரித்தால்தான் ஒப்பீடு நிற்கும்.

#15 பிளாட்_மேசை

மேடம், தசை பற்றி #2-இல் சொன்னதில் ஒரு சிறு மாறுபாடு. தசையில் எங்கும் மெல்லியதாய்ப் பரவியிருக்கிறது என்றீர்கள். நரம்பு தசையோடு சேரும் தட்டுகளில் அது தெளிவாகக் குவிந்திருக்கிறது. குறுக்கு வெட்டில் தட்டு அகப்படாததால் இல்லாததுபோல் தெரிகிறது. நரம்பு நுழையும் இடத்தைப் பார்த்து நீளவாட்டில் வெட்டினால் தெரியும்.

மரபணு அளவில் ஒரு எச்சரிக்கை. மாட்டின் பிஆர்பி மரபணுவில் மூன்று எக்ஸான்கள் (எம்ஆர்என்ஏ-யில் நிலைக்கும் துண்டுகள்) உண்டு, புரதத்துக்கான குறியீடு முழுதும் மூன்றாவதிலேயே இருக்கிறது. அதனால் பலர் பிசிஆரைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளான ப்ரைமர் இரண்டையும் மூன்றாவது எக்ஸானுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். அப்போது ஆர்என்ஏ-யில் கலந்த டிஎன்ஏ-யும் பெருகி, ஈரலுக்கும் மூளைக்கும் ஒரே எண் வரும். ஒரு ப்ரைமரை முதல் அல்லது இரண்டாம் எக்ஸானில் வையுங்கள், டிஎன்ஏஸ் போடுங்கள், தலைகீழ்ப் படியாக்க நொதி இல்லாத குழாய் ஒன்றையும் ஓட்டுங்கள். மரபணுவை இயக்கும் முன்னியக்கிப் பகுதியில் 23 கார இணை, முதல் இன்ட்ரானில் (எக்ஸான்களுக்கு இடைப்பட்ட துண்டு) 12 கார இணை நீக்கமோ சேர்க்கையோ மாட்டுக்கு மாடு மாறும், சுரக்கும் அளவோடும் பிஎஸ்இ ஏற்புத்திறனோடும் அவை தொடர்புடையவை. ஒவ்வொரு மாட்டுக்கும் இந்த இரண்டையும் பிசிஆரில் பார்த்துக் குறித்தால், ஒரு மாட்டில் ஏன் அதிகம் என்பதற்கு விடை கிடைக்கக்கூடும்.

#16 ஆத்தங்குடி_ஸ்லைடு

நீங்கள் சொல்வது சரி. தட்டுகளைச் சேர்த்திருக்க வேண்டும். தசைக்கு நீளவெட்டு என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

#17 முதுநிலை_24

எல்லாவற்றையும் தொகுத்து வேலைத்தாள் எழுதியிருக்கிறேன். சரிபார்த்துச் சொல்லுங்கள். உயிர் போய் ஒரு மணிக்குள். முதலில் தலை: ஓபெக்ஸ், சிறுமூளை, பெருமூளைப் புறணி, பிட்யூட்டரி, முக நரம்பு முடிச்சு. பிறகு தண்டுவடம், முதுகு முடிச்சு. அடுத்து டான்சில், மண்ணீரல், மடிக்கு மேலுள்ள நிணநீர் முடிச்சு, மடியின் நான்கு காம்புப் பகுதி, ஜெஜுனம், இலியம், அட்ரினல், இதயம், நுரையீரல், தொடைத்தசை, சிறுநீரகம், ஈரல், கருப்பை. ஒவ்வொன்றும் மூன்று பங்கு.

#18 கண்டனூர்_வெட்

வரிசை தலைகீழ், தம்பி. தலையை முதலில் திறந்தால் மூளைக் கூழ் கையுறையிலும் கத்தியிலும் ஒட்டி மண்ணீரல், மடி, ஈரல் எல்லாவற்றுக்கும் போகும். மூளையில் அவ்வளவு பிஆர்பி இருக்கும்போது ஒரு பூச்சே ஈரலை நேர்மறை ஆக்கும். தலை வெட்டும் முன்பே வயிற்றைத் திறவுங்கள். முதலில் ஈரல், சிறுநீரகம், ஏனென்றால் அளவு குறைவு, சீக்கிரம் கெடும். அடுத்து குடல், அதற்குத் தனிக் கத்தி, உள்ளிருப்பைக் குளிர்ந்த உப்புநீரில் கழுவி. பிறகு மடி, நிணநீர் முடிச்சு, மண்ணீரல், இதயம், நுரையீரல், தசை. தண்டுவடமும் தலையும் கடைசி, புது கையுறை, புது பிளேடு, வேறு பலகை.

மூளை கடைசியில் வருவதால் சிதையுமே என்று நினைக்காதீர்கள். மண்டைக்குள் மூடியிருப்பது வயிற்றைப்போல் சீக்கிரம் புளிக்காது, 40 நிமிடம் தாங்கும். இரண்டு பேர் இருந்தால் இன்னும் நல்லது, ஒருவர் வெட்ட ஒருவர் குழாயில் போட்டு எழுதட்டும். வெட்டுபவர் கையில் பேனா வேண்டாம்.

குழாய்களில் முந்தின இரவே பென்சிலால் எழுதிய லேபிள் ஒட்டிவிடுங்கள். மார்க்கர் மை நைட்ரஜனிலும் ஆல்கஹாலிலும் அழியும்.

#19 முதுநிலை_24

மாற்றிவிட்டேன் டாக்டர். ஈரலில் தொடங்கி ஓபெக்ஸில் முடிகிறது. 20 திசு, ஒன்றுக்கு மூன்று குழாய், ஒரு மாட்டுக்கு 60. மடியின் நான்கு காம்புப் பகுதியைத் தனித்தனியாக எடுத்தால் இன்னும் 9 கூடும். அந்த நான்கையும் ஒன்றாகக் கலக்கலாமா?

#20 பால்மானி_காரைக்குடி

கலக்க வேண்டாம். நான்கு காம்பும் நான்கு தனிச் சுரப்பி, ஒன்றின் பால் இன்னொன்றுக்குப் போவதில்லை. ஒரு காம்பில் மட்டும் மறைந்த மடிநோய் இருப்பது இங்கே சர்வசாதாரணம். நான்கிலும் பாலைப் பீய்ச்சிக் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை போட்டு, கூழாகும் காம்பை ஒதுக்குங்கள். மாடு உயிரோடிருக்கும்போது கடைசிக் கறவையில் எடுத்த பால் இருந்தால் அதுவே போதும், இல்லாவிட்டால் செத்த உடனே மடியில் மிச்சமிருப்பதைப் பீய்ச்சுங்கள்.

#21 முதுநிலை_24

சரி ஐயா. தாளில் 69 குழாய் என்று திருத்திவிட்டேன், சோதனைத் தட்டும் பையில் சேர்த்தாயிற்று.